பூட்டுத் தொட்டியில் முக்கியெடுத்த பன்னிரண்டு ஸ்பேனர்கள்

கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு எழுதிச் சொல்ல நான் யார் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இந்த டூல்ஸ் கடையில் இருபத்தாறு வருடம் நின்றும், விலை சொல்வதைத் தவிர எதையும் சத்தமாகப் பேசியவள் இல்லை. முழங்கால் தேய்ந்துபோய் ஐம்பத்திரண்டு வயதில் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால் புதியவர்களுக்கு உதவும் என்று முதலாளி மூன்று முறை சொல்லி அனுப்பினார். தெரிந்ததை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தெரியாமல் செய்த ஒரு காரியம்தான் முதலில் கைக்கு வந்தது. அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரை எப்படிப் பார்ப்பது என்று நான் நீட்டப் போவதில்லை. ரிங் ஸ்பேனரின் வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றினால் பன்னிரண்டு மூலையும் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். நாள் முழுக்கப் பிடித்தாலும் கைப்பிடியின் விளிம்பு உள்ளங்கையை அறுக்கக் கூடாது. அளவு எண்ணைக் குறித்த அச்சு கூர்மையாக இருக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். நம் கடையில் புதுச் சாமானோடு பழையதையும் வாங்கி விற்பதால், உங்கள் கண் மற்ற கடைக்காரர்களின் கண்ணைவிடச் சீக்கிரம் தேறும்.

என் கண்ணும் தேறித்தான் இருந்தது. "அக்கா கையில குடு, வாங்குன ஒடனே வெலை சொல்லிரும்" என்று மெக்கானிக்குகள் சொல்லுவார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருந்தபோது, மூடிப்போன ஒரு லாரி பட்டறையின் சாமான்கள் நம் கடைக்கு வந்தன. அதில் ஒரு முழு செட் ரிங் ஸ்பேனர் இருந்தது. இரு முனை அளவையும் சேர்த்துச் சொன்னால், ஆறு-ஏழிலிருந்து முப்பது-முப்பத்திரண்டு வரை பன்னிரண்டு. எங்கோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. உடம்பெல்லாம் துருப் புள்ளி. ஆனால் இரும்பு அருமையான இரும்பு. இப்போது வருகிற புதுச் சாமானில் அந்தக் கனம் கிடையாது. வளையத்தில் ஒரு மூலைகூட மழுங்கவில்லை.

வழக்கமாக என்ன செய்வோம்? மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, எண்ணெய் துடைத்து, பழைய சாமான் தட்டில் வைப்போம். நான் அப்படிச் செய்யவில்லை. ஆயுத பூஜை நேரத்தில் மெக்கானிக்குகளின் கண் பளபளப்பின் மேல்தான் இருக்கும். சாமான்களை வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, போட்டோ எடுத்து, போனில் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். பட்டறைக்குப் பட்டறை அதில் ஒரு போட்டியே நடக்கும். இந்த இரும்புக்கு அந்த மினுக்கும் சேர்ந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

நம் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் பிளேட்டிங் செய்ய அலைய வேண்டியதில்லை. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட் இருக்கிறது. பூட்டுக்குப் போடும் வளையத்துக்கும் தகட்டுக்கும் நிக்கல் பூச்சுப் போடுகிறவருடையது அது. அந்தப் பன்னிரண்டையும் சாக்கில் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். துரு ஆழமாக இறங்கியிருப்பதால் இரண்டு நாள் ஆசிட்டில் ஊறட்டும் என்றார். சரி என்றேன்.

திரும்பி வந்தபோது என் முகம் அதில் தெரிந்தது. முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பழசுன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. சாமான் பழையது, பிளேட்டிங் புதியது என்று சொல்லித்தான் விற்றேன். கூடவே, "இரும்பு நான் பார்த்த இரும்பு" என்றும் சொன்னேன். பெரிய ஐந்தையும் நம் ஊரிலேயே வேன் பட்டறை வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டார். சிறிய ஏழையும் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு மோட்டார் மெக்கானிக் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டும் இரண்டே நாளில் போய்விட்டன.

ஆயுத பூஜை அன்று காலை பதினொரு மணி. கடையில் பூஜை நடந்துகொண்டிருந்தது. முதலாளி சூடத் தட்டைக் கையில் வைத்திருந்தார். வேன் பட்டறைக்காரர் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். துண்டு சிவப்புத் துண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது வெள்ளைத் துண்டு என்று தெரிந்தது.

கவுண்டரில் இரண்டு துண்டு இரும்பை வைத்தார். நான் விற்ற இருபத்துநாலு-இருபத்தேழு ஸ்பேனர்.

"யக்கா, இது என்னக்கா?" என்றார். உதடு கிழிந்திருந்ததால் பேச்சு குழறியது.

முதலாளி சூடத் தட்டைக் கீழே வைத்தார். "கைப்பிடியில பைப்பு சொருகி நீட்டி இழுத்தியா அப்பு?"

"பைப்பும் இல்ல, கிய்ப்பும் இல்ல மொதலாளி. வெறுங்கை. பூஜைக்கு முன்னாடி வண்டிய வெளிய அனுப்பிருவோம்னு கடைசி போல்ட்ட இழுத்தேன். டொக்குன்னுச்சு. என் கையே வந்து என் வாயில குத்திருச்சு. ரெண்டு பல்லு ஆடுது. இதே பொண்ணு பாக்கப் போற காலத்துல ஒடிஞ்சிருந்தா எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது."

அவர் சிரிக்க முயன்றார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் உடைந்த இடத்தைப் பார்த்தேன். ஸ்பேனர் உடைந்து வருவது நமக்குப் புதிதில்லை. ஆனால் நல்ல இரும்பு உடைவதற்கு முன்னால் கொஞ்சம் வளையும், வளையம் கொஞ்சம் அகலும். இழுக்கிறவன் கைக்கு அது தெரிந்துவிடும். இதில் வளைவே இல்லை. கற்கண்டை உடைத்ததுபோலப் பொடிப்பொடியாக மின்னியது. அதுவரை அப்படி ஒரு உடைவை நான் பார்த்ததில்லை.  இரும்பு நான் பார்த்த இரும்பு என்று சொன்ன அதே வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலாளி அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போகும்போது, மீதி நாலு ஸ்பேனரையும் இனித் தொடாதீர்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "இனிமே தொடுவனாக்கா? கும்புட்டு வச்சிருக்கேன், அங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

நான் அந்தத் துண்டுகளைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பிளேட்டிங் ஷெட்டுக்கு நடந்தேன். அங்கேயும் பூஜை முடிந்திருந்தது. தொட்டிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். அவர் பொரியும் கடலையும் அள்ளி நீட்டினார். நான் பேப்பரைப் பிரித்தேன்.

ஒரே பார்வைதான். "ஸ்பிரிங் மாதிரி போயிருக்கே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பூட்டுக்குள்ள ஸ்பிரிங் இருக்குல்லம்மா? அதை மட்டும் நாங்க தொட்டியில விடவே மாட்டோம். காய்ச்சிப் பக்குவம் ஏத்தின இரும்பு. ஆசிட்ல ஊறி, நிக்கலும் ஏறிச்சுன்னா அப்பளம் மாதிரி ஆயிரும். ஒடனே அடுப்புல வச்சு மணிக்கணக்கா சூடு காட்டி எடுக்கணும்பாங்க. நம்மகிட்ட அந்த அடுப்பு ஏது? அதான் வளையம், தகடோட நிறுத்திக்கிறது."

"ஸ்பேனரும் பக்குவம் ஏத்தின இரும்புதாண்ணே" என்றேன்.

அவர் கையிலிருந்த பொரி கீழே கொட்டியது. "அது எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீங்கதான் சாமான் தெரிஞ்ச ஆளு. நீங்களே கொண்டாந்து குடுத்தீங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஸ்பேனரைப் பக்குவம் ஏற்றித்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும். தொட்டி அந்தப் பக்குவத்தை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் இரண்டு தெருதான். நான் கேட்கவில்லை. பூட்டுக்காரரிடம் ஸ்பேனரைப் பற்றி நான் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பி நெய்க்காரப்பட்டிக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். முதலாளி, "நாளும் கெழமையுமா அவரை எதுக்கும்மா கலங்கடிக்கிற? ஒண்ணு ஒடிஞ்சா எல்லாமா ஒடியும்? இன்னிக்கு எவனும் சாமானத் தொட மாட்டான். நாளைக்குப் பேசு" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் எடுத்து முதல் வேலை தொடங்குவார்கள். ஆனால் அவர் பேசப் பேச எனக்கு அந்த மறுநாள் காலைதான் கண்ணுக்குள் நின்றது. அந்த ஏழும் எல்லாவற்றுக்கும் முன்னால் பளபளவென்று இருக்கும். முதலில் அதைத்தான் கையில் எடுப்பார். ஸ்டாக்கிலிருந்து அதே அளவில் ஏழு புது ஸ்பேனர் எடுத்துப் பையில் போட்டேன். முதலாளி தடுக்கவில்லை. "போனது போச்சு, மாத்திக் குடுத்துட்டு வா. ரொம்ப வெளக்காத, கடை பேரு கெட்டுரும்" என்று மட்டும் சொன்னார்.

வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் பழனி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, நான்கு மணிக்கு நெய்க்காரப்பட்டியில் இறங்கி விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் முன்பக்கமே பட்டறை. தலைவாழை இலையில் சாமான்கள் வரிசையாக இருந்தன. நான் நினைத்தபடியே நம் ஏழும் முன் வரிசையில். பக்கத்தில் அவருடைய போனும் சந்தனப் பொட்டோடு இருந்தது. நான் போட்டபோதெல்லாம் அது ஏன் எடுக்கப்படவில்லை என்று அப்போது தெரிந்தது.

"அட, அக்காங்களா! வாங்க, வாங்க" என்று நாற்காலி போட்டார். நாற்பது வயது இருக்கும். "பாருங்க, நம்ம சாமானம் எப்பிடி ஜொலிக்குதுன்னு. பக்கத்துப் பட்டறைக்காரன் வந்து பாத்துட்டு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறானுங்க்கா."

நான் பஸ்ஸில் யோசித்து வைத்ததைச் சொன்னேன். கடையில் புதுச் சாமான் வந்திருக்கிறது, தெரிந்தவர்களுக்குப் பழையதை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்கிறோம், உங்கள் ஞாபகம் வந்தது என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நல்ல சாமானத்தை எதுக்குங்க்கா மாத்தோணும்? நீங்களே பாத்துக் குடுத்ததாச்சே. அப்பறம், பூஜைல வெச்சத எடுக்கவும் கூடாதுங்க."

அவர் மனைவி சுண்டல் கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றார். இனி எழுதுவதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையாகவே எழுந்துவிட்டேன். கேட்டாயிற்று, அவர் மறுத்தாயிற்று, என் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. நாளை காலை போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

வாசல்வரை வந்து, வழியனுப்பும் பேச்சாகத்தான் கேட்டேன். "நாளைக்கு வேலை இருக்கா?"

"இருக்குங்க. விடிஞ்சதும் ஒரு தோட்டத்துக்குப் போகோணும். தோட்டத்துக்காரங்க வந்து நேர்ல சொல்லிட்டுப் போயிருக்காங்க. மோட்டாரு நின்னுபோய் மூணு நாளா மாட்டுக்குக்கூடத் தண்ணியில்ல."

"தோட்டத்துலயா? இங்க கொண்டாந்து பாக்க மாட்டீங்களா?"

"கெணத்துக்குள்ளங்க. அறுபதடி. பாதியில மோட்டாரு. நிக்கறதுக்கு ஒரு கல்லுதானுங்க இருக்கும். ஒரு கைல பைப்பப் புடிச்சுக்கோணும், ஒரு கைல ஸ்பேனரப் போட்டு இழுக்கோணும். பழக்கமாயிருச்சுங்க."

அதுவரை நான் அவரை ஷெட்டில் உட்கார்ந்து மோட்டார் பிரிக்கிறவராகத்தான் நினைத்திருந்தேன். யாருக்கு விற்கிறேன், அவர் எங்கே நின்று இதை இழுப்பார் என்று நான் கேட்டதே இல்லை. வேன் பட்டறைக்காரர் தரையில் நின்றிருந்தார். அவர் கை அவர் வாயில் குத்தியது, அவ்வளவுதான். இவர் கையில் அது டொக்கென்று போனால் இவர் நிற்க என்ன இருக்கிறது?

 வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவர ஓடினார். நான் பையிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னிக்குக் காலைல ஒடிஞ்சது. இதே செட்டு. வெறுங்கையில. அவருக்கு வாய் கிழிஞ்சு பல்லு ஆடுது. தொட்டியில போட்டதுல இரும்பு கெட்டுருச்சு. போடச் சொன்னது நாந்தான். மாத்தித் தாரோம்னு சொன்னது பொய்யிங்க."

அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.  பிறகு கேட்டார்.

"அந்த அண்ணன் இப்ப எப்பிடிங்க இருக்காரு?"

தையல் போட்டிருக்கிறார்கள், கிளம்புமுன் விசாரித்தேன் என்றேன்.

"ஏனுங்க்கா, நீங்க எந்திரிச்சீங்கல்ல இப்ப? நானும் கெணத்தப் பத்திச் சொல்லாம உள்ள போயிருந்தா?"

 சத்தமில்லாமல் அழுதேன்.

"ஸ்பேனரு ஒடியறது இருக்கட்டுங்க. அது இரும்பு. நீங்க இத மடில கட்டிவெச்சுட்டு இங்க உக்காந்து சுண்டல் சாப்பிட்டீங்களே, அதுதானுங்க எனக்கு நெஞ்ச அடைக்குது." குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போகாமல் திரும்ப எனக்கும் மனம் இல்லை. அவர் கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். நான் அதைத் தொடக் கூசினேன்.

அவர் மனைவிதான் வழி சொன்னார். "ரெண்டு பேரும் ஏன் இப்பிடி முழிக்கறீங்க? அதை எடுக்கத்தானே கூடாது? இதைச் சேத்து வெக்கறதுக்கு யாரு வேண்டாம்னா? அந்தப் புதுசையும் இலைல வெய்யுங்க. பொட்டு வெச்சு, இன்னொருக்கா சூடம் காட்டிர்றேன். காலைல எதுல தொடங்கறதுன்னு சாமியா வந்து சொல்லப் போகுது?"

"பழச?" என்றார் அவர்.

"கெணத்துக்குப் போறதுக்கு முன்னால வைஸு இடுக்கியில போல்ட்ட இறுக்கி, ஒவ்வொண்ணா மாட்டி இழுத்துப் பாருங்க. மொகத்துக்குச் சாக்கப் போட்டுக்கிட்டு. ஒடிஞ்சா ஒடியட்டும். ஒடியாட்டியும் எடுத்துட்டுப் போகாதீங்க. எனக்கு அது வேண்டாம்" என்றார் மனைவி.

பையிலிருந்த ஏழையும் எடுத்துக் கொடுத்தேன். மங்கலான சாம்பல் நிறம். அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் பார்க்க அழகாகவே இல்லை. அவர் மனைவி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வளையத்தில் விரலை விட்டுப் பார்த்து, என்னைக் கேட்டார். "இது எதுலயாச்சும் முக்குனதுங்களா?" கம்பெனியில் போட்டு வந்த பூச்சுதான், நாங்கள் எதுவும் செய்யவில்லை, பெட்டியைப் பிரித்தது இன்றைக்குத்தான் என்றேன். ஏழுக்கும் ஏழு முறை கேட்டார். ஏழு முறையும் பதில் சொன்னேன்.

அந்தக் கேள்வியை இப்போது நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். ஒரு ஸ்பேனரின் மினுக்கைப் பார்த்து, அதற்குக் கடைசியாக என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல முடியும். அதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது, எதில் ஊறியது என்பதை வாய் திறந்துதான் கேட்க வேண்டும். விற்கும்போதும் அப்படியே. இதை எங்கே நின்று இழுப்பீர்கள் என்று கேளுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குக் கூச்சம் அதிகம். அந்தக் கூச்சத்தை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வாசல்படியில், அது இன்னொருவருடைய உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தெரிந்தது.

இன்னொன்று. தவறு செய்துவிட்டால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சுண்டல் வருவதற்கு முன்பே.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் போன் செய்தார். வைஸில் மாட்டி இழுத்ததில் ஏழில் இரண்டு ஒடிந்தன என்றார். பதினாறு-பதினேழும், பதினெட்டு-பத்தொன்பதும். மீதி ஐந்தும் பட்டறையிலேயே கிடக்கட்டும், புதியதைத்தான் எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் புறப்பட்டார். நான் கடைக்குப் போனேன். வேன் பட்டறையிலிருந்து மீதி நான்கையும் வாங்கி வந்து, பிளேட்டிங் ஷெட்டுக்காரரிடம் ஒன்றைக் காட்டி, ஸ்பேனரை இனி யார் கொடுத்தாலும் தொட்டியில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கட்டரில் இரண்டாக அறுத்துப் பழைய இரும்பில் போட்டேன். மத்தியானம் மூன்று பேர் ஸ்பேனர் வாங்க வந்தார்கள். எங்கே நின்று இழுப்பீர்கள் என்று மூவரிடமும் கேட்டேன்.